ஆயருக்கு எத்தனை ஆடு?

ராஸ் அல் கைமாவில் மலையை உடைத்துச் சிமெண்டாக்கும் அந்த ஆலையை ஒரு ஜெர்மன் கம்பெனி வாங்கியபோது, தொழிலாளர் கேம்பில் இருந்த யாரும் சந்தோஷப்படவும் இல்லை, துக்கப்படவும் இல்லை. கேட்டில் போர்டு மாறியது. ஹெல்மெட்டில் ஸ்டிக்கர் மாறியது. தூசி மட்டும் பழைய தூசிதான். எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மெஸ் ஹால் வாசலில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். பழனிச்சாமியின் மானம் கப்பலேறத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

விஷயம் இதுதான். அந்தக் கம்பெனி பிறந்த ஊரில் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வுல்ஃப்பிராண்ட் என்று ஒரு பிஷப் இருந்தாராம். நாற்பது வருடம் விடாமல் நின்று ஒரு பெரிய தேவாலயத்தைக் கட்டினாராம். கூழ் குடித்தாராம், கல்லில் படுத்தாராம், வெறுங்காலோடு நடந்தாராம். கம்பெனியின் முதல் சுண்ணாம்புக் காளவாய் அந்தத் தேவாலயத்தின் பக்கத்தில்தான் எரிந்ததாம். ஆகவே உலகத்தில் கம்பெனிக்கு எங்கெல்லாம் ஆலை இருக்கிறதோ அங்கெல்லாம், வருடத்துக்கு ஒரு வாரம், அந்த பிஷப் வாழ்ந்ததுபோல் எல்லோரும் வாழ்ந்து பார்க்க வேண்டும். எல்லோரும் என்றால் கேம்பில் இருப்பவர்கள்.

ஆபீஸ் பக்கம் ஒட்டிய ஆங்கிலத் தாளில் இதெல்லாம் தெளிவாக இருந்தது. இந்திக்காரர்களுக்கு வந்த தாளில் இருந்த சொற்கள் இந்திக்காரர்களுக்கே புரியவில்லை. அவர்கள் அதைச் சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழே விரித்துக்கொண்டார்கள். தமிழர்கள் இருக்கும் சி பிளாக்குக்கு வந்த தாளை மொழிபெயர்த்தவர் திருச்சிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி நடத்தும் ஒரு பெரியவர். அவர் தமிழில் ஒரு பிழை கிடையாது. தேவாலயத் தமிழில் பிஷப்புக்கு ‘ஆயர்’ என்று பெயர். அவர் அப்படியே எழுதிவிட்டார்.

சி பிளாக்கில் எழுதப் படிக்கத் தெரிந்தவன், நாலு பேருக்கு லீவு லெட்டர் எழுதித் தருகிறவன், ஒட்டன்சத்திரத்துப் பழனிச்சாமி. எல்லோரும் அவனைத்தான் முன்னால் தள்ளினார்கள். அவன் சத்தமாக வாசித்தான்.

“இவ்வாண்டு சி பிளாக்கிலிருந்து ஓர் ஆயர் வாக்களிப்பின் வழி தேர்ந்தெடுக்கப்படுவார். அவரிடம் கோல் கையளிக்கப்படும். அவர் தம் மந்தையை அறிந்து, இப்பாலைநிலத்தில் அதனோடு உறைந்து, ஓராண்டு மேய்ப்புப் பணி ஆற்றுவார். தம் மந்தையைக் கைவிட்டு அவர் எங்கும் செல்லலாகாது. ஆயர் வாரத்தை முன்னிட்டு எல்லா விடுப்புகளும் நிறுத்திவைக்கப்படுகின்றன.”

கூட்டம் நாலு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டது. பாலைவனம், கோல், மந்தை, மேய்ப்பு. சிமெண்ட் வேலைக்கென்று விசா வாங்கி வந்தவனைப் பாலைவனத்தில் ஆட்டுப் பட்டிக்குத் தள்ளிவிட்ட கதை வளைகுடாவில் யாருக்குத்தான் தெரியாது? கேம்புக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரை காதர் மைதீன் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினார்.

“போன வாரந்தான் ஒரு அரபி வந்து, தன் மஸ்ராவுக்கு, அதான் பண்ணைக்கு, ஆட்டைப் பாத்துக்கிற ஆளு கெடைப்பானான்னு கேட்டுட்டுப் போனாரு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமோ என்னவோ. நமக்கெதுக்கு வம்பு?” என்று சொல்லிவிட்டுத் தயிர் டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

பழனிச்சாமி தாளை இன்னொரு தடவை வாசித்தான். அவன் மகள் சம்யுக்தாவுக்கு இரண்டரை வயது. அவள் பிறந்ததிலிருந்து அவளைப் போனில்தான் பார்த்திருக்கிறான். மூன்று வருடம் தவம் கிடந்து வாங்கிய லீவு இன்னும் பன்னிரண்டு நாளில் தொடங்குவதாக இருந்தது. அதைத்தான் தாளின் கடைசி வரி இப்போது நிறுத்திவைத்திருந்தது. வாரம் முடிந்தால் திரும்பக் கிடைக்கலாம். ஆனால் ஆயராகிவிட்டால்? ஓட்டுப் போடச் சொன்னால் படித்தவன், பேசத் தெரிந்தவன் என்று எல்லோரும் தன் பெயரைத்தான் எழுதுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

ஒன்றும் விசாரிக்காமல் பயந்தான் என்று அவனைச் சொல்லக் கூடாது. மறுநாளே மனிதவளத் துறை மேனேஜர் விஜயபாஸ்கரைப் போய்ப் பார்த்தான். விஜயபாஸ்கர் ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்த தமிழர். தொழிலாளிகளோடு தமிழிலேயே பேசுவது என்று ஒரு கொள்கை வைத்திருந்தார்.

“சார், ஆயர்னா ஆடு மேய்க்கிறவரா சார்?”

“எக்ஸாக்ட்லி! ஷெப்பர்ட்!” விஜயபாஸ்கர் முகம் மலர்ந்தது. “நீங்க ஒருத்தர்தான் கரெக்டா புரிஞ்சிட்டிருக்கீங்க. கம்பெனி உங்களை லேபரா பார்க்கல. ஷெப்பர்டா பார்க்குது.”

“பாலைவனத்துலயா சார்?”

“நாம எல்லாருமே டெசர்ட்லதானே இருக்கோம் பழனிச்சாமி?” என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே பிடித்துப்போய், அதைக் கம்ப்யூட்டரில் குறித்துக்கொண்டார். “ஒன்னே ஒன்னு. இதை மதம்னு யாரும் சொல்லிடக் கூடாது. மதம்னா பர்மிட் வேணும். இது ஹெரிடேஜ்.”

பழனிச்சாமி வெளியே வந்தபோது அவனுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்திருந்தது.

சி பிளாக்கில் வீரபாண்டி என்று ஒருவர் இருந்தார். ஆண்டிப்பட்டிக்காரர், ஐம்பத்தாறு வயது, மூட்டை ஏற்றும் பிரிவு. யாரிடமும் ஏன் என்று கேட்காதவர். ஐந்து வருடமாக ஊருக்குப் போகவில்லை. லீவு கேட்டு எழுதிக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு காரணத்தோடு திரும்பி வரும். அந்த விண்ணப்பங்களை எழுதித் தந்தவன் பழனிச்சாமிதான். ஆகவே லீவு கேட்கும் காரணம் அவனுக்கு மனப்பாடம்: வீரபாண்டியின் மனைவிக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது, பார்வை முழுக்கப் போவதற்குள் ஒரு தடவை புருஷன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்கிறாள்.

சிறு வயதில் வருசநாட்டுப் பக்கம் ஆடு மேய்த்ததாக வீரபாண்டி எப்போதோ சொல்லியிருந்தார். மனிதனுக்கு வேண்டாத நேரத்தில்தான் ஞாபகசக்தி நன்றாக வேலை செய்கிறது. ஓட்டு நாளன்று எழுதத் தெரியாதவர்கள் சீட்டைப் பழனிச்சாமியிடம் நீட்டினார்கள். அவன் ஒவ்வொருவரிடமும் சாவகாசமாகச் சொன்னான்: “வீரபாண்டி அண்ணனுக்கு ஆடு பழக்கம். அவருன்னா சமாளிச்சிருவாரு. நமக்கு ஆடுன்னா பிரியாணியில பாத்ததோட சரி.” சிரித்தார்கள். எழுதத் தெரிந்தவர்களும் அதைக் கேட்டுவிட்டு அதையே எழுதினார்கள். தனக்கு வராமல் போனால் போதும் என்று இருநூறு பேரும் நினைத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசியாக வீரபாண்டியே சீட்டோடு வந்தார்.

“யாரு பேருண்ணே எழுத?” என்று பழனிச்சாமி கேட்டான்.

“எனக்கென்ன தம்பி தெரியும்? ஒனக்குத்தேன் வெவரம் தெரியும். நல்ல ஆளாப் பாத்து எழுது.”

பழனிச்சாமி அந்தச் சீட்டிலும் ‘வீரபாண்டி’ என்று எழுதினான். எழுத்து வழக்கம்போல் அழகாக விழுந்தது. பிற்பாடு அவனை மிகவும் உறுத்தியது அதுதான்.

ஆயர் வாரம் தொடங்கியது. முதல் நாள் மெஸ்ஸில் கோழிக்குழம்பு நின்று வாற்கோதுமைக் கூழ் வந்தது, பிஷப் குடித்தது. இரண்டாம் நாள், கிழிந்த மெத்தைகளை மாற்றச் சொல்லிக் கொடுத்திருந்த மனுக்கள் எல்லாம் ‘தீர்வு காணப்பட்டது’ என்று முத்திரையோடு திரும்பின; பிஷப் படுத்தது கல்லில். மூன்றாம் நாள் சிக்கல் வந்தது. பிஷப் வெறுங்காலோடு நடந்தவர். ஆலையிலோ பாதுகாப்பு ஷூ இல்லாமல் கால் வைத்தால் அபராதம். பாதுகாப்பு அதிகாரியும் மனிதவளத் துறையும் ஐந்து மணி நேரம் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தொழிலாளிகள் ஷூ போட்டுக்கொண்டே மனத்தளவில் வெறுங்காலோடு இருக்க வேண்டும். அதை ஒட்டி, அந்த மாதம் வரவேண்டிய புது ஷூக்கள் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டன.

நாலாம் நாள் முடிவு வந்தது. இருநூற்றுப் பதினாலு ஓட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு வீரபாண்டிக்கு. “இது ஓட்டு இல்ல, லவ்!” என்றார் விஜயபாஸ்கர்.

அன்று மாலையே வீரபாண்டி பழனிச்சாமியின் ரூமுக்கு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். தன் பிளாஸ்க், சின்ன ஃபேன், போர்வை எல்லாவற்றையும் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாராம். ஒரு பை மட்டும் கட்டியிருந்தார்.

“நீதேன் எம் பேர எல்லாத்துக்கிட்டயும் சொன்னயாம்ல.”

பழனிச்சாமி கட்டிலில் கிடந்த சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினான்.

“கோவமெல்லாம் இல்லய்யா. சரியாத்தேன் சொல்லியிருக்க. இவிங்கள்ல வேற எவனுக்கு ஆட்டப் பத்தித் தெரியும்? ரெண்டே நாள்ல ஆட்டயும் கொன்னு அவனும் செத்துப்போவான். அவகிட்டதேன் இன்னும் சொல்லல. இன்னும் ஒரு வருசம்னு எப்புடிச் சொல்றது?” பையின் முடிச்சை இறுக்கினார். “நீ ஊருக்குப் போயி பிள்ளயப் பாரு.”

அவர் திட்டியிருந்தால் பழனிச்சாமிக்கு அன்றைய கூழ் உள்ளே இறங்கியிருக்கும்.

விழா வெள்ளிக்கிழமை காலை. விழாவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் விஜயபாஸ்கர் பழனிச்சாமியைக் கூப்பிட்டனுப்பினார். ஜெர்மனியிலிருந்து டைரக்டர் வந்திருக்கிறார். ஆயர் பேசுவதை அவருக்கு ஆங்கிலத்தில் சொல்ல ஆள் வேண்டும்.

“நானே பண்ணலாம். ஆனா ஒர்க்கரோட குரலை ஒர்க்கர்தான் சொல்லணும். நான் சொன்னா கார்ப்பரேட்டா இருக்கும். ஒரே கண்டிஷன். அவர் என்ன பேசினாலும் பாசிட்டிவா டிரான்ஸ்லேட் பண்ணுங்க.”

சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. கூம்புத் தொப்பி, நீள அங்கி, கையில் நுனி வளைந்த கோல். ஆடு எதையும் காணோம்.

“சார், இவரு யாரு?”

“இவர்தான் வுல்ஃப்பிராண்ட். பிஷப். நம்ம ஆயர்.”

“சார்… இவரு ஆடு மேய்க்க மாட்டாரா?”

“சிம்பாலிக்கா மேய்ப்பார்.” விஜயபாஸ்கர் கடிகாரத்தைப் பார்த்தார். “வீரபாண்டிக்கு இந்த டிரெஸ் போடுவோம். டைரக்டர் காலைக் கழுவுவார், ஃபோட்டோ எடுப்போம், ஈவினிங் ஷிஃப்டுக்கு அவர் திரும்ப மூட்டை ஏத்தப் போயிடலாம். அப்புறம் முக்கியமான ஒன்னு. பிஷப் பதவி ஏத்த அன்னைக்கு ஒரு கைதியை ரிலீஸ் பண்ணுவார், அது அந்தக் காலத்து மரபு. நம்மகிட்ட கைதிங்க கிடையாது. அதனால லீவு கேட்டு நிக்கிறவங்கள்ல ஒருத்தரை ரிலீஸ் பண்றோம். அவர் யார் பேரைச் சொன்னாலும், தன் பேரையே சொன்னாலும், இன்னைக்கே டிக்கெட். மத்தவங்க லீவு…” கையை விரித்தார். “அந்தத் தேவாலயம் கட்டின நாற்பது வருஷத்துல ஒருத்தர்கூட லீவு எடுக்கலையாம். எப்படிப்பட்ட கமிட்மெண்ட் பாருங்க! இந்த வருஷம் நாமளும் அதை ஃபாலோ பண்றோம்.”

பழனிச்சாமிக்கு இரண்டு விஷயம் புரிந்தது. ஆடு இல்லை. ஒரே ஒரு லீவுதான் இருக்கிறது.

மெடிக்கல் ரூமில் வீரபாண்டியின் கால்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். டைரக்டர் கழுவப்போகும் கால் என்பதால் நர்ஸ் ஏற்கெனவே இரண்டு தடவை டெட்டால் போட்டுத் தேய்த்திருந்தார். சிமெண்ட் ஏறி வெடித்த பாதத்தில் இன்னும் சாம்பல் நிறம் போகவில்லை. “இது அழுக்கு இல்ல மேடம், காலே அப்பிடித்தேன்,” என்று வீரபாண்டி தமிழில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து ஹாலுக்கு நூறு அடி தூரம். இருவரும் நடந்தார்கள். வீரபாண்டி வெள்ளை அங்கிமேல் தலையில் துண்டைக் கட்டியிருந்தார், வெயிலுக்கு. தோளில் அந்தப் பை.

“தம்பி, ஒருத்தனுக்கு லீவு தருவாகளாம்ல. மேடையில பேரச் சொல்லணுமாம். அந்த நர்சம்மா கூட இருந்த மலையாளத்தான் சொன்னான். எவன் பேரயும் சொல்லலாமாமே?”

“ஆமாண்ணே.”

“நாந்தேன் ஆட்டோட போறனே, எனக்கு ஆகாது. மந்தய விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு தாள்லயே போட்டிருக்குல்ல?”

“அண்ணே, ஆடெல்லாம் கிடையாது. உங்க பேரையே சொல்லுங்க” என்று சொல்ல மூன்று விநாடி போதும். பழனிச்சாமியிடம் நூறு அடி இருந்தது. அவன் சொன்னது இதுதான்: “ஆமாண்ணே, போட்டிருக்கு.”

ஹாலில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். டைரக்டர் உயரமான, சிவந்த, நல்ல மனுஷராகத் தெரிந்தார். மைக்கைப் பிடித்தார். வுல்ஃப்பிராண்ட் என்றால் ஓநாயும் நெருப்பும் சேர்ந்த பெயர் என்று தொடங்கினார். ஓநாய் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவரை மந்தை நம்பியது, அதுதான் தலைமை என்றார். “அந்தத் தேவாலயத்துக்குக் கல் சுமந்தவர்களில் ஒருவருடைய பெயரும் நமக்குத் தெரியாது. ஆனால் தேவாலயம் நிற்கிறது. உங்களுக்கும் அப்படி ஒரு எதிர்காலத்தை உறுதியளிக்கிறேன்!” என்றார். முன்வரிசை அதிகாரிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பிறகு மண்டியிட்டார். வெள்ளித் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர். தன்னைவிடப் பெரிய மனுஷன் காலைத் தொடுகிறானே என்று வீரபாண்டி பதறிக் காலை உள்ளே இழுத்தார். டைரக்டர் எட்டிப் பிடித்தார். வீரபாண்டி மறுபடி இழுத்தார். மூன்றாம் முறை இரண்டு சூப்பர்வைசர்கள் ஆயரின் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, பணிவு நிறைவேறியது. தட்டில் தண்ணீர் சாம்பலாக மாறியது. ஃபோட்டோகிராபர் அதை மட்டும் எடுக்கவில்லை.

கோலைக் கையில் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். வீரபாண்டி கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மைக்கில் முதல் கேள்வியைக் கேட்டார்.

“ஆடு மொத்தம் எத்தன உருப்படி?”

பழனிச்சாமி ஆங்கிலத்தில் சொன்னான்: “மை பீப்பிள் ஹவ் மெனி, ஹி இஸ் ஆஸ்கிங்.”

டைரக்டர் நெஞ்சில் கை வைத்தார். வுல்ஃப்பிராண்டும் பதவியேற்ற அன்று முதலில் இதைத்தான் கேட்டாராம். கண் கலங்கி, “அறுநூற்று நாற்பது” என்றார்.

“ஒத்த ஆளாவா?” வீரபாண்டி திகைத்துப்போனார். “கெடாயெல்லாம் தனியா அடைச்சிருக்கா? தண்ணி எவ்வளவு தூரம்?”

“ஹி இஸ் வெரி ஹாப்பி,” என்றான் பழனிச்சாமி. விஜயபாஸ்கர் கீழேயிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

சி பிளாக் முழுக்க இந்தப் பக்கம் தமிழையும் அந்தப் பக்கம் இங்கிலீஷையும் கேட்டுக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அதற்குள் திரையில் பிஷப்பின் படமும் வந்திருந்தது. ஆடு இல்லாத படம். திரைக்கு முதுகு காட்டி நின்ற வீரபாண்டி ஒருவரைத் தவிர எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. எல்லோரும் பழனிச்சாமியைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான், அவர்களில் எழுந்து நின்று சொல்லக்கூடியவன் ஒருவனும் இல்லை, ஏனென்றால் இருநூறு சீட்டிலும் அந்தப் பெயரை எழுதியவர்களும் எழுதச் சொன்னவர்களும் அவர்கள்தான்.

“எம் பேர இந்தத் தம்பிதேன் எல்லாத்துக்கும் எடுத்துச் சொல்லுச்சு,” என்றார் வீரபாண்டி. “நல்லதுக்குத்தேன் சொல்லுச்சு.”

“ஆல் பிரதர்ஸ் லவ் மீ, ஹி இஸ் சேயிங்.”

டைரக்டர் கேட்டார், ஆயர் இன்று யாரை விடுவிக்கிறார்? பழனிச்சாமி தமிழில் கேட்டான். அவன் குரல் அவனுக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது. அப்போதும் நேரம் இருந்தது. ‘வீரபாண்டி’ என்று அவன் சொன்னால் மாற்றிச் சொன்னான் என்று டைரக்டருக்குத் தெரியவா போகிறது? காலையிலிருந்து மாற்றித்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

“ஒட்டன்சத்திரத்துப் பழனிச்சாமிய விட்ருங்க சாமி. கைப்பிள்ளக்காரன்.”

“பழனிச்சாமி ஃப்ரம் ஒட்டன்சத்திரம். ப்ளீஸ் ரிலீஸ். ஹி ஹாஸ் பேபி.”

அன்றைக்கு அவன் ஒரு சொல்லையும் மாற்றாமல் மொழிபெயர்த்தது அதை மட்டும்தான்.

டைரக்டர் கூட்டத்தை நோக்கி இரு கைகளையும் விரித்தார். “எங்கே அந்த அதிர்ஷ்டசாலி? பழனிச்சாமி யார்?”

“ஐ சார்,” என்றான் பழனிச்சாமி. “மீ ஒன்லி.”

அதிகாரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டைரக்டர் அவனைக் கட்டிப்பிடித்தார். சி பிளாக்கில் ஒருவரும் கைதட்டவில்லை என்பதை, மொழி தெரியாத பரவசம் என்று கம்பெனியின் பத்திரிகை பின்னால் எழுதியது.

விழா முடிந்து மேடைக்குப் பின்னால் வீரபாண்டி அங்கியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“வண்டி எப்ப வரும் தம்பி? வெயிலேறிட்டா ஆட்ட ஓட்ட முடியாது.”

பழனிச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “ஆடு இல்லண்ணே. ஆயர்னா அவங்க ஊர்ல பிஷப்பாம். இது சும்மா ஃபோட்டோவுக்காம். நீங்க சாயங்காலம் டூட்டிக்குப் போகணுமாம்.”

“ஆடே இல்லயா?”

“இல்லண்ணே.”

வீரபாண்டிக்குச் சிரிப்பு வந்தது. முடிவு வந்ததிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரும் மட்டும் சிரித்தார். பிறகு மெல்ல நின்றது.

“அப்ப நான் எம் பேரச் சொல்லியிருக்கலாமோ?”

“சொல்லியிருக்கலாம்ணே.”

“ஒனக்கு இது எப்பத் தெரியும்?”

பழனிச்சாமி, “இப்பத்தான்ணே,” என்றான்.

“அதான பாத்தேன். தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பயே.” வீரபாண்டி எழுந்து அங்கியைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தார். அவன் முகத்தைப் பார்த்தவர், அவன் தனக்காகத்தான் வருத்தப்படுகிறான் என்று நினைத்து, தோளில் தட்டினார். “விடுய்யா. அடுத்த தடவ எழுதிப் போடுவோம். நீ போறதுதேன் போற, ஆண்டிப்பட்டியில எறங்கி ஒரு எட்டு எங்க வீட்டுக்குப் போயிட்டு வா. நான் நல்லா இருக்கேன்னு சொல்லு. வாசல்ல நின்னு பேசாத, அவளுக்கு ஆள் தெரியாது. கிட்டக்கப் போயி, மூஞ்சிக்கு நேரா நில்லு. நல்லாப் பாக்கட்டும்.”

“சரிண்ணே,” என்றான் பழனிச்சாமி.